அப்பா எந்த பெர்த்தில் படுப்பார்?

நீங்கள் கேட்டிருப்பது இது. சென்னையிலிருந்து காசிக்கு நான்கு பேர் ரயிலில் போகிறீர்கள். அப்பாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்திருக்கின்றன. அம்மாவுக்கு 66, சர்க்கரை உண்டு. கூட நீங்களும் மனைவியும். தை அமாவாசையை ஒட்டிப் போவதா, மே மாத லீவில் போவதா என்று இன்னும் முடிவாகவில்லை. ஸ்லீப்பர் போதுமா, தேர்டு ஏசி போடுவதா, செகண்ட் ஏசிக்கு அவ்வளவு காசு கொடுப்பது தகுமா? கேள்வியை இரண்டு முறை படித்தேன். வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தாலும் உங்கள் மனதை அரிப்பது வேறொன்று என்று தோன்றுகிறது: மிச்சம் பிடிக்கப் போய் அப்பாவைப் படுத்தி எடுத்துவிடுவேனோ, இல்லை, பயந்துகொண்டு தேவையில்லாமல் செலவு செய்கிறேனோ. அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக 27 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மக்கள் டிடிஆர் என்று கூப்பிடும் அதே ஆள். முக்கால்வாசி நாள் சென்னைக்கும் விஜயவாடாவுக்கும் இடையில் இரவு வண்டிகளில்தான் கழிந்தது. விஜயவாடாவுக்கு வடக்கே பயணியாக மட்டுமே போயிருக்கிறேன், அதில் மூன்று முறை காசிக்கு, ஒரு முறை என் அம்மாவுடன். அதனால் பெர்த், கோட்டா, விதி பற்றி நான் சொல்வதை நீங்கள் உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். கூட்டம், குளிர், வெக்கை பற்றிச் சொல்வது நான் பார்த்த அளவுக்கு. உங்கள் அப்பாவின் முழங்கால் எவ்வளவு மடங்கும், எவ்வளவு நேரம் தொங்கப்போட்டு உட்காரலாம் என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முதலில் தூரம். சென்னையிலிருந்து காசி ஏறக்குறைய 2,100 கிலோமீட்டர். கங்கா காவேரி மாதிரி நேர் வண்டியில் போனாலும் 35 மணி நேரத்துக்குக் குறையாது. அதாவது இரண்டு இரவு, நடுவில் ஒரு முழுப் பகல். நேர் வண்டி கிடைக்காதவர்கள் முகல்சராய் என்று நாம் சொல்லிப் பழகிய பண்டிட் தீன்தயாள் உபாத்யாயா ஜங்ஷனில் இறங்கி, அங்கிருந்து சாலை வழியாகக் காசிக்குப் போவார்கள். இந்த 'இரண்டு இரவு ஒரு பகல்' என்பதுதான் முக்கியம். சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிறவர் என்னிடம் கேட்டால், எந்த வகுப்பானாலும் ஒரு ராத்திரிதானே, போய்விட்டு வாருங்கள் என்பேன். ஏறிப் படுத்து, எழுந்தால் ஊர் வந்துவிடும். இங்கே அப்படி இல்லை. ஒரு பகல் முழுக்க உட்கார வேண்டும், அதற்கு முன்னும் பின்னும் தூங்க வேண்டும். வயதானவர்களுக்குப் படுப்பதைவிட, நினைத்தபோது எழுந்து நிமிர்ந்து உட்கார முடிவதுதான் பெரிய விஷயம்.

சரி, வகுப்புக்கு வகுப்பு என்னதான் மாறுகிறது? பலரும் இதை ஏணி மாதிரி நினைக்கிறார்கள். ஒரு படி ஏறினால் இன்னும் கொஞ்சம் சொகுசு, அவ்வளவுதான் என்று. அப்படி இல்லை. ஸ்லீப்பரிலிருந்து தேர்டு ஏசிக்கு ஏறும்போது மாறுவது ஜன்னல். தேர்டு ஏசியிலிருந்து செகண்ட் ஏசிக்கு ஏறும்போது மாறுவது மிடில் பெர்த். இந்த இரண்டும் இரண்டு வேறு பிரச்சினைகள். உங்களுக்கு எது பிரச்சினையோ அதற்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

ஸ்லீப்பரும் தேர்டு ஏசியும் படுக்கை அமைப்பில் ஒன்றேதான். ஒரு தடுப்புக்கு எட்டு பெர்த். எதிரெதிரே லோயர், மிடில், அப்பர் என்று ஆறு, நடைபாதைக்கு அந்தப் பக்கம் சைடு லோயர், சைடு அப்பர். இப்போது ஓடும் எல்எச்பி என்ற புதுவகைப் பெட்டியில் ஸ்லீப்பர் என்றால் 80 பேர், தேர்டு ஏசி என்றால் 72 பேர். பழைய ஐசிஎஃப் பெட்டியில் 72, 64. காசு கூடக் கொடுத்ததால் தேர்டு ஏசியில் மிடில் பெர்த் இல்லாமல் போய்விடாது. கூடக் கொடுக்கும் காசுக்குக் கிடைப்பது மூடிய கண்ணாடி. தூசி வராது, சத்தம் பாதியாகும், வெயிலும் பனியும் உள்ளே வராது, வழியில் ஏறி இறங்கும் கூட்டமும் குறைவு. விரிப்பு இரண்டு, தலையணை, கம்பளி, சின்னத் துண்டு ஒன்று தருவார்கள். கட்டணக் கணக்கைத் தோராயமாகச் சொன்னால், இவ்வளவு நீளப் பயணத்தில் ஸ்லீப்பர் ஒரு பங்கு என்றால் தேர்டு ஏசி இரண்டரைப் பங்குக்குச் சற்று மேல், செகண்ட் ஏசி நான்கு பங்குக்குச் சற்றுக் கீழ். ஏசி வகுப்புகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு, ஸ்லீப்பருக்குக் கிடையாது.

செகண்ட் ஏசியில் ஒரு தடுப்புக்கு ஆறு பெர்த்தான். மிடில் கிடையாது. எல்எச்பி பெட்டிக்கு 52 பேர். திரைச்சீலை உண்டு. லோயர் பெர்த்தில் இருப்பவர் ராத்திரி இரண்டு மணிக்கும் முதுகை நிமிர்த்தி உட்காரலாம். இது ஏதோ சின்ன வசதி மாதிரி தெரியும். எனக்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் தெரிந்தது.

ஒரு நாள் ராத்திரி ஓங்கோல் தாண்டி ஒன்றரை மணி இருக்கும். தேர்டு ஏசி பெட்டியில் எல்லாரும் தூக்கம், இரவு விளக்கு மட்டும் எரிகிறது. நடைபாதையில் போகும்போது ஒரு தடுப்பில் ஒரு அம்மா லோயர் பெர்த்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். மேலே மிடில் பெர்த் விரித்திருந்தது, அதில் ஒருவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா முகவாய் நெஞ்சில் படும்படி கழுத்தை மடக்கி, இரண்டு உள்ளங்கையையும் முழங்காலில் ஊன்றிக் கொண்டிருந்தார். 'என்னம்மா, தூங்கலையா?' என்று மெதுவாகக் கேட்டேன். 'படுத்தா மூச்சு முட்டுது தம்பி, உக்காந்தா தலை இடிக்குது' என்றார். அவரிடம் இருந்தது உறுதியான டிக்கெட், அதுவும் லோயர் பெர்த், அதுவும் ஏசி. டிக்கெட்டில் ஒரு குறையும் இல்லை. அன்று வராத பயணி ஒருவருடைய சைடு லோயர் காலியாக இருந்தது, அங்கே மாற்றிவிட்டேன். சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, உட்கார்ந்தபடியே பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் யார் கேட்டாலும் 'எந்த வகுப்பு' என்பதற்கு முன்னால் 'ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பார்கள்' என்று கேட்க ஆரம்பித்தேன்.

உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை என்கிறீர்கள். அப்படியானால் ராத்திரி இரண்டு மூன்று முறையாவது எழுந்து போக வேண்டிவரலாம். அப்பாவுக்கு முழங்கால் வலி என்றால், லோயர் பெர்த்திலிருந்து எழுவதே ஒரு வேலை. மிடில் பெர்த் விரித்திருக்கும்போது ஒருவர் எழ வேண்டுமென்றால், முதலில் பக்கவாட்டில் உருண்டு, காலைத் தரையில் வைத்து, தலையைக் குனிந்தபடியே வெளியே வந்து, அப்புறம்தான் நிமிர வேண்டும். அந்த இடத்தில் எடை முழுக்க முழங்காலுக்குப் போகும். நன்றாக இருக்கும் காலுக்கே அது சிரமம்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று. மிடில் பெர்த் தொந்தரவாவது அதில் யார் படுத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை படுத்துக்கொள்ள மிடில் பெர்த்காரருக்கு உரிமை உண்டு, அதற்கு முன்னும் பின்னும் கீழே இருப்பவர் உட்கார இடம்விட வேண்டும். இது விதி. ஆனால் அப்பாவுக்கு மேலே மிடிலில் படுத்திருப்பது நீங்களே என்றால் விதியே தேவையில்லை. அப்பா கூப்பிட்டால் இறங்கி, கொக்கியைக் கழற்றி பெர்த்தை மடக்கிவிட்டு, அவர் அரை மணி உட்கார்ந்த பிறகு மறுபடி விரித்துக்கொள்ளலாம். ஆக நான்கு பேரும் ஒரே தடுப்பில் இருந்தால் தேர்டு ஏசியின் பெரிய குறை பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். தெரியாதவர் மேலே படுத்திருந்தால் தீராது.

இதனால் டிக்கெட் போடும் முறையில் ஒரு இழுபறி வருகிறது. மூத்த குடிமக்களுக்கென்று தனி லோயர் பெர்த் கோட்டா உண்டு. 60 வயதான ஆண்கள், 45 வயதான பெண்கள் இதில் வருவார்கள், ஒரு டிக்கெட்டில் அதிகபட்சம் இரண்டு பேர். உங்களையும் மனைவியையும் அதே டிக்கெட்டில் சேர்த்தால் இந்தக் கோட்டா பொருந்தாது. ஆகவே அப்பா அம்மாவுக்குத் தனி டிக்கெட் போட்டால் இருவருக்கும் லோயர் கிடைக்க நல்ல வாய்ப்பு. ஆனால் உங்கள் டிக்கெட் எங்கோ ஆறு தடுப்பு தள்ளி விழலாம், மேலே மிடிலில் யாரோ ஒருவர் வருவார். நான்கு பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் பெரும்பாலும் ஒரே தடுப்பு அல்லது பக்கத்துத் தடுப்பு கிடைக்கும், ஆனால் லோயர் இரண்டு வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஐஆர்சிடிசியில் ஒரு லோயராவது கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் போடுங்கள். மூத்த குடிமக்களுக்கு முன்பு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது. பலர் இன்னும் அது இருப்பதாக நினைத்துக் கணக்குப் போடுகிறார்கள். லோயர் கோட்டா என்பது வேறு, அது இப்போதும் உண்டு.

செகண்ட் ஏசியில் இந்த இழுபறியே கிடையாது. அப்பா அம்மாவுக்குத் தனி டிக்கெட்டில் இரண்டு லோயர் வாங்கிவிட்டால், மேலே யார் படுத்தாலும் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. இதற்காகத்தான் நான் செகண்ட் ஏசி சொல்வேனே தவிர, திரைச்சீலைக்காகவோ மரியாதைக்காகவோ இல்லை. முழங்கால் நன்றாக இருக்கும் ஐம்பது வயதுக்காரர் கேட்டிருந்தால், தேர்டு ஏசிக்கு மேல் கொடுக்கும் காசு அவருக்கு வீண் என்று சொல்லியிருப்பேன்.

பதிவானதும் பெர்த் எண்ணைப் பார்த்தே எங்கே என்று தெரிந்துகொள்ளலாம். ஸ்லீப்பர், தேர்டு ஏசி என்றால் எட்டால் வகுத்து மீதியைப் பாருங்கள். 1, 4 லோயர். 2, 5 மிடில். 3, 6 அப்பர். 7 சைடு லோயர். மீதியில்லாமல் வகுபட்டால் சைடு அப்பர். செகண்ட் ஏசிக்கு ஆறால் வகுத்தால் 1, 3 லோயர், 2, 4 அப்பர், 5 சைடு லோயர், மீதியில்லை என்றால் சைடு அப்பர். எண் சிறியதாகவோ மிகப் பெரியதாகவோ இருந்தால் பெட்டியின் ஓரம், கழிப்பறைக்குப் பக்கம். அது நல்லதா கெட்டதா என்பது ஆளைப் பொறுத்தது. ராத்திரி முழுக்கக் கதவு திறந்து மூடும் சத்தமும் வாடையும் இருக்கும். ஆனால் ஓடும் வண்டியில் நடைபாதையில் நடக்க வேண்டிய தூரம் குறையும். உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை ஓரமாக அமைந்தாலும் வருத்தப்படாதீர்கள் என்றே சொல்வேன். சைடு லோயரையும் பலர் வேண்டாம் என்பார்கள். உயரமானவருக்குக் கால் இடிக்கும், நடைபாதையில் போகிறவர்கள் இடித்துக்கொண்டு போவார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் மேலே மிடில் இல்லாத ஒரே கீழ்ப்படுக்கை தேர்டு ஏசியில் அதுதான். நான் சொன்ன அந்த அம்மா தூங்கியது அதில்தான்.

தேர்டு ஏசி எகானமி என்று ஒன்று 2021-இலிருந்து வந்திருக்கிறது. பெட்டி எண் எம் என்று தொடங்கும். கட்டணம் தேர்டு ஏசியைவிடக் கொஞ்சம் குறைவு, ஒரு பெட்டியில் ஆட்கள் அதிகம். அதனால் இடைவெளி இன்னும் நெருக்கம். உங்கள் அப்பா அம்மாவுக்கு வேண்டாம். ஃபர்ஸ்ட் ஏசியில் நான்கு பேர் அறைக்குக் கதவும் தாழ்ப்பாளும் உண்டு, ஆனால் அந்த அறையிலும் கீழே இரண்டு, மேலே இரண்டுதான். எந்த அறை என்பது சார்ட் எனும் பயணிகள் பட்டியல் போடும்போதுதான் தெரியும். முழங்காலுக்குச் செகண்ட் ஏசி செய்யாத எதையும் அது செய்துவிடாது. எல்லா வண்டியிலும் அந்தப் பெட்டி இருப்பதும் இல்லை.

இப்போது மாதம். இதை வகுப்புக்கு முன்பே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் வகுப்பை மாற்றுவதே இதுதான். நமக்குத் தை அமாவாசை என்பது வடக்கே பெரும்பாலும் மௌனி அமாவாசை வரும் அதே நாள். பிரயாக்ராஜில் திரிவேணி சங்கமத்தில் மாக மேளா என்று ஒரு மாதக் கூட்டம் கூடும், அதில் மிகப் பெரிய நாள் இந்த அமாவாசைதான். நீங்கள் போகும் பாதை சத்னா, மாணிக்பூர் வழியாகப் பிரயாக்ராஜைத் தொட்டுக்கொண்டுதான் காசிக்குப் போகிறது. நான் ஒரு முறை அந்த வாரத்தில் ஸ்லீப்பரில் மாட்டினேன். கடைசி ஐந்தாறு மணி நேரம் எங்கள் தடுப்பில் எட்டு பேருக்குப் பதில் இருபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். எல்லாரும் கங்கையில் முழுகப் போகும் ஏழை ஜனங்கள், தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை. எழுந்து போ என்று சொல்ல யாருக்கும் மனசு வராது, சொன்னாலும் நகர இடம் இருக்காது. கழிப்பறை வாசலில்கூட ஆள் உட்கார்ந்திருந்தார்கள். நான் நடுவயதுக்காரன், சமாளித்தேன். உங்கள் அம்மாவால் அந்த நேரத்தில் கழிப்பறைக்குப் போயிருக்க முடியாது. ஆண்டுதோறும் அதே அளவு நெரிசல் இருக்கும் என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்தத் தேதியில் ஸ்லீப்பரில் பெரியவர்களை ஏற்ற வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். காசியில் இறங்கிய பிறகும் படித்துறைகளில் அதே கூட்டம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அந்தச் சமயம் பனியும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் வடக்கே மூடுபனியால் வண்டிகள் பல மணி நேரம் தாமதமாகும். 36 மணி நேரம் 42 ஆனாலும் ஆகும். இட்டார்சி தாண்டியதும் ஸ்லீப்பர் ஜன்னல் எவ்வளவு இறுக்கி மூடினாலும் இடுக்கு வழியே குளிர் ஊசி மாதிரி குத்தும். நம் ஊர் சால்வை அதற்குப் போதாது.

மே மாதமோ நேர் எதிர். பல்லார்ஷா, நாக்பூர் பக்கம் பகலில் போகும்போது அனல் வீசும். அம்மாவுடன் போனது மே மாதம்தான். போகும்போது செகண்ட் ஏசி. திரும்பும்போது ஏசி கிடைக்காமல் ஸ்லீப்பரில் வந்தோம். நாக்பூர் நெருங்கும்போது ஜன்னலைத் திறந்தால் அடுப்புக்கு முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது, மூடினால் புழுக்கம். துண்டை நனைத்து ஜன்னல் கம்பியில் கட்டினேன். பத்து நிமிடத்தில் அது காய்ந்து விறைத்துப்போனது. அன்று பகல் முழுக்க நனைப்பதும் கட்டுவதுமாகவே போனது. அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, ஆனால் மத்தியானம் சாப்பிடவில்லை, வாட்டர் பாட்டிலை நெற்றியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தார். போகும்போது அதே அம்மா, விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து, லோயர் பெர்த்தில் சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, வீட்டில் சொல்வதுபோலவே ஸ்லோகம் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த வித்தியாசம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. காசைப் பார்க்காமல் திரும்பும் டிக்கெட்டையும் முதலிலேயே சேர்த்துப் போட்டிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். போகும்போது உற்சாகம் இருக்கும், உடம்பு தாங்கும். திரும்பும்போது படித்துறைப் படிகளை ஏறி இறங்கிய கால்களோடு வருவார்கள். ஒரு பக்கத்துக்குத்தான் நல்ல வகுப்பு கட்டுப்படியாகும் என்றால், அது திரும்பும் பக்கமாக இருக்கட்டும்.

பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை, அல்லது அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் வரை போக முடிந்தால் வெயிலும் பனியும் இரண்டும் தணிந்திருக்கும். அந்த மாதங்களில் உங்களுக்கும் மனைவிக்கும் ஸ்லீப்பரே போதும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் அக்டோபர், நவம்பரில் தீபாவளி, சட் பூஜை வரும் வாரங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள், பிகார் பக்கம் போகும் வண்டிகளில் நிற்க இடம் இருக்காது.

ஏசியில் போகிறவர்கள் வருத்தப்படுவது குளிருக்குத்தான். எத்தனையோ ராத்திரி ஒரே தடுப்பில் அப்பரில் இருப்பவர் குளிருது என்பார், லோயரில் இருப்பவர் இன்னும் கொஞ்சம் கூட்டுங்க என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். குளிர்காற்று மேலேயிருந்து வருகிறது, அப்பரில் இருப்பவருக்கு நேராக அடிக்கும். பெட்டிக்குப் பெட்டி இது மாறும், முன்கூட்டிச் சொல்லவே முடியாது. அப்பா அம்மா கீழே இருந்தால் பெரும்பாலும் தாங்கும். காலுறையும் காதை மூட ஒரு மப்ளரும் எடுத்துக்கொள்ளுங்கள். விரிப்பை ஒவ்வொரு பயணத்துக்கும் துவைத்துத் தருவார்கள், கம்பளியை அப்படிச் செய்வதில்லை. அதனால் தரும் இரண்டு விரிப்பில் ஒன்றைக் கீழே போட்டு, இன்னொன்றைக் கம்பளிக்கு உள்பக்கமாகப் போர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள். ஆஸ்துமா, தோல் அரிப்பு உள்ளவர்கள் வீட்டுப் போர்வையே கொண்டுபோவது நல்லது.

ஆர்ஏசி பற்றி ஒரு வார்த்தை. ஆர்ஏசி என்றால் ஏறலாம், ஆனால் ஒரு சைடு லோயரில் இரண்டு பேர் உட்கார்ந்து போக வேண்டிவரலாம், முழுக் கட்டணம் கொடுத்தும். அது படுக்கையாக மாறும், மாறாது, இரண்டும் நடக்கும். உங்கள் இருவருக்கு ஆர்ஏசி என்றால் துணிந்து ஏறுங்கள், அப்பா அம்மாவுக்கு என்றால் வேறு தேதி பாருங்கள். வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டை நம்பி அவர்களைக் கிளப்பவே வேண்டாம். தட்கல் கடைசி வழிதான். முந்தின நாள் ஏசிக்குக் காலை 10 மணிக்கும் ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் திறக்கும், ஆனால் அதில் மூத்த குடிமக்களுக்கான லோயர் கோட்டா கிடையாது. எந்த பெர்த் விழுகிறதோ அதுதான்.

அப்பர் விழுந்துவிட்டால்? டிடிஆர் வந்ததும் கேளுங்கள். வண்டி கிளம்பிய பிறகு காலியாக இருக்கும் லோயர் பெர்த்தை வயதானவர், கர்ப்பிணி, மாற்றுத்திறனாளிக்கு மாற்றித் தர அவருக்கு அதிகாரம் உண்டு. காலி இருந்தால்தான் முடியும். சக பயணியிடம் கேட்பதாக இருந்தால் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே கேளுங்கள். படுக்கை விரித்த பிறகு கேட்டால் நல்ல மனிதர்கள்கூட முகம் சுளிப்பார்கள்.

ஆக, உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். தை அமாவாசைக்கு அழைத்துப் போகமாட்டேன், மாசி மாதத்துக்குத் தள்ளிப் போடுவேன். அப்பா அம்மா இருவருக்கும் மூத்த குடிமக்கள் கோட்டாவில் செகண்ட் ஏசி, தனி டிக்கெட். எனக்கும் மனைவிக்கும் தேர்டு ஏசி. ஏசி பெட்டிகள் பெரும்பாலும் அடுத்தடுத்து இருக்கும், உள்வழியாகவே போய்வரலாம். பகலில் கூட இருந்துவிட்டு, ராத்திரி மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்துவிட்டு என் இடத்துக்கு வருவேன். கையில் கொஞ்சம் தாராளம் இருந்தால் நான்கும் செகண்ட் ஏசி. நான்குமே தேர்டு ஏசிதான் முடியும் என்றாலும் கவலை வேண்டாம், ஒரே டிக்கெட்டாகப் போட்டு, அப்பாவுக்கு மேலே நீங்களும் அம்மாவுக்கு மேலே மனைவியும் மிடிலில் படுத்துக்கொள்ளுங்கள். லோயர் ஒன்றுதான் வந்தது என்றால் அதை அப்பாவுக்குக் கொடுங்கள், அம்மாவுக்காகச் சைடு லோயர்காரரிடம் பேசிப் பாருங்கள். மே மாதம் தவிர வழியில்லை என்றால் ஸ்லீப்பர் என்ற பேச்சே வேண்டாம், நீங்கள் இருவர் உட்பட.

இன்னொன்று, வகுப்பைவிட முழங்காலுக்கு அதிகம் வலி கொடுப்பது பிளாட்பாரம். ஒரு எல்எச்பி பெட்டி கிட்டத்தட்ட 24 மீட்டர் நீளம். 22 பெட்டி வண்டி என்றால் அரை கிலோமீட்டருக்கு மேல். உங்கள் பெட்டி எந்த முனையில் நிற்கும் என்று தெரியாமல் வண்டி வந்த பிறகு ஓடக் கூடாது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய், இண்டிகேட்டர் பலகையில் பெட்டி எண்ணைப் பார்த்து, பேட்டரி காரிலோ சக்கர நாற்காலியிலோ அப்பாவை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்துவிடுங்கள். பெட்டியில் ஏறும்போது நீங்கள் முதலில் ஏறி மேலிருந்து கை கொடுங்கள், மனைவி பின்னால் நிற்கட்டும். வலி குறைவான காலை முதலில் படியில் வைக்கச் சொல்லுங்கள், இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, காலை 8 மணிக்கு. ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை இப்போதே சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அன்று காலையில் அதைச் செய்ய நேரம் இருக்காது. எந்த மாதம் என்று வீட்டில் பேசி முடிவானதும் எழுதுங்கள், எந்த வண்டி, எந்தக் கிழமை என்று சேர்ந்து பார்க்கலாம்.